பன்னிரண்டு அங்குல மழை

ஒரு விஷயத்தை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எனக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகம். (எங்கள் வீட்டில் இதை இவ்வளவு மரியாதையாகச் சொல்ல மாட்டார்கள்.) முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். அதில் முக்கால்வாசி மஸ்கட்டில். என் கையால் குளிப்பாட்டிய நோயாளிகளை வரிசையாக நிறுத்தினால் நன்னிலம் பஸ் ஸ்டாண்டில் ஆரம்பித்துத் திருவாரூர் வரைக்கும் போகும். அப்பேர்ப்பட்ட நான், பெற்ற தகப்பன் குளிப்பதற்கு ஒரு ஷவர் வாங்கப் போய், புது வீட்டுப் பிரதிஷ்டை அன்று ஐயரைக் கணுக்கால் அளவு சேற்றுத் தண்ணீரில் நிற்க வைத்தேன்.

ஐயர் என்றதும் வேறு யாரையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். நாங்கள் லுத்தரன் சபை. எங்கள் பக்கம் சபைக் குருவை ஐயர் என்றுதான் சொல்வோம். புது வீடு கட்டினால் அவர் வந்து அறை அறையாக நின்று ஜெபம் செய்த பிறகுதான் குடிபோவது. இவ்வளவு தெரிந்தால் போதும்.

அப்போது எனக்கு முப்பத்தெட்டு வயது. எங்கள் ஊருக்குச் செல்போன் வந்துவிட்டது. ஆனால் பேச வேண்டுமென்றால் மாடிக்கு ஏறி மேற்கே பார்த்து நிற்க வேண்டும். மஸ்கட்டில் இருந்துகொண்டே, தம்பி சாமுவேலின் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் ஒரு வீடு கட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவுக்காகத்தான் கட்டினேன். அம்மா போன பிறகு அவர் சாமுவேல் வீட்டு முன்னறையில் ஒரு கட்டிலும் டிரங்குப் பெட்டியுமாக இருந்தார். அவருக்கென்று ஓர் அறை, அதை ஒட்டிக் குளியலறை, காற்று வருகிற மாதிரி இரண்டு ஜன்னல். என் திட்டம் அவ்வளவுதான்.

சுவர் எழும்பிக்கொண்டிருந்தபோது அப்பா வரப்பில் வழுக்கி விழுந்து இடுப்பை முறித்துக்கொண்டார். தஞ்சாவூருக்குக் கொண்டுபோய், கம்பி வைத்து, நல்லபடியாக ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடந்தார், சாப்பிட்டார், சாமுவேலைத் திட்டினார். எல்லாம் பழையபடிதான். ஒன்று மட்டும் முடியவில்லை. குனிந்து வாளியில் தண்ணீர் மொள்ள முடியவில்லை.

சாமுவேல் குளிப்பாட்டிவிட்டான். அதை அப்பா வீட்டு லேண்ட்லைனில் என்னிடம் புகார் செய்தார்.

"மாட்டக் கழுவுற மாதிரி கழுவுறான் பாப்பா. காதுக்குள்ள தண்ணி, மூக்குக்குள்ள தண்ணி. எந்திரிச்சு உதைக்கலாம்னா காலும் வரமாட்டேங்குது."

பின்னாலிருந்து சாமுவேலின் குரல் கேட்டது. "மாடுகூட ஆடாம நிக்கும், அதையும் சொல்லுங்க."

பத்து நாளில் அப்பா சாமுவேலைக் கிட்டே வரக் கூடாது என்றுவிட்டார். ஈரத்துணியை வைத்து அவராகவே எட்டிய மட்டும் துடைத்துக்கொள்வார். அதை அவர் குளியல் என்று ஏற்றுக்கொள்ளவில்லை. குளிக்காமல் சபைக் கோயிலுக்குப் போகக் கூடாது என்பது அவர் சட்டம். எனவே கோயிலும் நின்றது. ஏழு மாதம். வலது பக்கம் மூன்றாவது பெஞ்சின் ஓரம் அவருடைய இடம். அதில் யாரும் உட்காராமல் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று சாமுவேலின் மனைவி ரோஸி சொன்னபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது.

வீடு முடிந்து, நாற்பத்தைந்து நாள் லீவில் நான் வந்து இறங்கினேன். (என் கணவர் அங்கேயே டிரைவர். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. கொடுத்து வைத்த மனுஷன்.) "வாங்கப்பா, வந்து வீட்டைப் பாருங்க" என்றேன். அப்பா கட்டிலை விட்டு அசையவில்லை.

"புது வீட்டுக்குள்ள அழுக்கோட வரமாட்டேன். நானா குளிச்சு, நானா துணி மாத்திக்கிட்டு, நானா வருவேன். இல்லாட்டி நான் இங்கயே இருந்துக்கிறேன். நீங்க ஐயரை வச்சு ஜெபம் பண்ணிக்குங்க."

ஆக விஷயம் இதுதான். அப்பா தானாகக் குளித்தால் வருவார். இல்லையென்றால், யாருக்காகக் கட்டினேனோ அவர் இல்லாமலே அந்த வீட்டுக்குப் பிரதிஷ்டை. என்னுடைய பிடிவாதம் எந்த வழியாக வந்தது என்று இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும்.

இதற்குத் தீர்வு என் மனதில் ஏற்கெனவே தயாராக இருந்தது. மஸ்கட்டில் கொஞ்ச காலம் ஒரு பெரிய பணக்கார வீட்டில், வயதான ஒருவரைக் கவனித்துக்கொள்ளும் வேலை பார்த்தேன். அந்த வீட்டுக் குளியலறைக் கூரையில் சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக ஒரு ஷவர். திறந்தால் மழை. ஒரு நாள் வீட்டம்மாவிடம் கேட்டுவிட்டு அதன் கீழே ஐந்து நிமிடம் நின்றேன். தண்ணீர் மேலிருந்து என் தலையில்தான் முதலில் விழுந்தது. அப்போது எனக்கு அப்பா ஞாபகம் வந்தது.

அப்பா இளவயதில் பண்ணையாள். மத்தியானம் பண்ணையின் பம்பு செட்டில் குளிக்கலாம். ஆனால் குழாய்க்குக் கீழே நிற்கக் கூடாது, தொட்டியில் இறங்கக் கூடாது. தொட்டி நிறைந்து வழிந்து வயலுக்கு ஓடும் தண்ணீரில் உட்கார்ந்து குளித்துக்கொள்ள வேண்டியது. பிற்பாடு சொந்தமாக ஒரு ஏக்கர் வாங்கினார், எங்களைப் படிக்க வைத்தார். அந்தக் கதையை அவர் எங்களிடம் ஒரே ஒரு முறைதான் சொல்லியிருக்கிறார், அதுவும் சிரித்துக்கொண்டே. எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் அப்பாவின் தலைக்கு மேலே அந்த மஸ்கட் தட்டு தொங்கியே ஆக வேண்டும் என்று அந்த ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிட்டேன்.

தஞ்சாவூரில் அப்போது டைல்ஸ் கடைகள் புற்றீசலாகக் கிளம்பியிருந்தன. இருப்பதில் பெரிய கடையாகப் பார்த்து நுழைந்தேன். கடைக்காரர் நல்ல மனிதர். எடுத்த எடுப்பில் கேட்டார்.

"யார் குளிக்கப் போறாங்க மேடம்?"

இதை விட நல்ல கேள்வியை அந்த நாற்பத்தைந்து நாளில் யாரும் என்னிடம் கேட்கவில்லை.

"எங்கப்பா. இடுப்புல ஆபரேஷன் ஆயிருக்கு."

"அப்ப யோசனையே வேணாம். டெலிபோன் ஷவர் போட்டுருங்க." கைப்பிடியும் நீளமான டியூபும் வைத்த ஒன்றை எடுத்து நீட்டினார். "உக்காந்த இடத்துலயே கையில புடிச்சு, எங்க வேணுமோ அங்க ஊத்திக்கலாம். தண்ணி வேகம் கம்மியா இருந்தாலும் வரும்."

அந்தச் சாமானை எனக்குத் தெரியாதா! வார்டில் தினமும் காலையில் அதைப் பிடித்துக்கொண்டு நின்றவள்தானே. சக்கர நாற்காலியில் உட்கார வைத்து, தலையைக் குனியச் சொல்லி, முதுகைத் திருப்பச் சொல்லி... அதைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்தோ கோபம் வந்தது.

"எங்கப்பா பேஷன்ட் இல்ல" என்றேன். பக்கத்தில் வாஷ்பேசின் பார்த்துக்கொண்டிருந்த தம்பதி திரும்பிப் பார்த்தார்கள்.

அவர் சளைக்கவில்லை. கையகலத்தில் சாதாரண ஷவர் காட்டினார். (லாட்ஜில் இருக்கும் இது, வேண்டாம்.) சூடும் குளிரும் கலந்து வருவது காட்டினார். (எங்கள் ஊர் டேங்கில் மத்தியானம் எல்லாமே சூடுதான்.) சுவரின் மூன்று பக்கத்திலிருந்தும் பீய்ச்சி அடிப்பதைக் காட்டினார். (லாரி கழுவுகிற இடத்தில் பார்த்திருக்கிறேன்.) கடைசியில் வேறு வழியில்லாமல் மேல் அலமாரியிலிருந்து அதை இறக்கினார். பன்னிரண்டு அங்குலம். வட்டம். முகம் பார்க்கலாம்.

"இதுதான்" என்றேன்.

"மேடம், உங்க டேங்க் எவ்வளவு ஒசரத்துல இருக்கு?"

"மேலதான் இருக்கு."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு பில் புத்தகத்தை எடுத்தார்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் நீடாமங்கலம் வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். பொறுக்க முடியாமல், "சீர்த் தட்டாம்மா? நடுவுல இவ்வளவு ஓட்டை இருக்கே, பாத்து வாங்கக் கூடாதா?" என்றார்.

எங்கள் ஊர் பிளம்பர் மாரியப்பன் தட்டைக் கையில் வாங்கி, திருப்பி, தட்டி, மறுபடி என்னிடமே கொடுத்தார்.

"அழகா இருக்கு சிஸ்டர். ஹால்ல மாட்டிக்குங்க. தண்ணி வராது."

"ஏன் வராது?"

"டேங்குக்கும் இதுக்கும் நடுவுல ஒரு ஆள் ஒசரம்கூட இல்ல. அந்த வேகத்துல வர்ற தண்ணிய இத்தனை ஓட்டைக்கும் பிரிச்சா, ஒவ்வொண்ணுலயும் என்ன வரும்?"

"நான் வெளிநாட்டுலயே பாத்திருக்கேன் மாரியப்பன்."

(இந்த ஒரு வாக்கியத்தை நான் என் வாழ்க்கையில் எத்தனை முறை சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் அதற்குப் பிறகு என்ன நடந்தது என்று யாராவது ஆராய்ச்சி செய்யலாம்.)

மாட்டினார். திறந்தேன். மற்ற ஓட்டைகளெல்லாம் வேடிக்கை பார்க்க, சாய்ந்திருந்த ஓரத்தில் மட்டும் சளி பிடித்த குழந்தைக்கு மூக்கு ஒழுகுவது போலத் தண்ணீர் ஒழுகியது. கீழே நின்று பார்த்தேன். என் தலை நனைந்து முடிவதற்குள் ரோஸி உலை வைத்துச் சோறு வடித்துவிட்டாள்.

நான் விட்டுக்கொடுக்கிற ஆள் இல்லை. கொத்தனாரைக் கூப்பிட்டு, மொட்டை மாடியில் நான்கு தூண் எழுப்பி, டேங்கைத் தூக்கி அதன் மேல் வைத்தேன். எங்கள் தெருவிலேயே உயரமான பொருள் அதுதான். செல்போன் கம்பெனிக்காரன் டவர் வைக்க எவ்வளவு வாடகை தருகிறான் என்று மூன்று பேர் வந்து விசாரித்தார்கள். இத்தனைக்கும் பிறகு தட்டிலிருந்து வந்தது ஒரு தூறல். எனக்கு வேண்டியதோ அடைமழை.

இப்போது சாமுவேலுக்கும் வேகம் வந்துவிட்டது. விவசாயி மூளை அல்லவா?

"டேங்கு எதுக்குக்கா? போர் மோட்டார்லேருந்து வர்ற பைப்ப நேரா ஷவருக்குக் குடுத்துருவோம். சும்மா பிச்சுக்கிட்டு வரும்."

மாரியப்பன் தலையில் அடித்துக்கொண்டே அதையும் செய்தார். டேங்க் இணைப்பை வெட்டிவிட்டு, மோட்டார் இணைப்பைக் கொடுத்தார். சுவிட்சைப் போட்டதும் குளியலறை முழுக்க மழை! பன்னிரண்டு அங்குலத்துக்கும் சமமாக, வட்டமாக, மஸ்கட்டே தோற்றது. நான் சேலையோடு கீழே நின்று நனைந்தேன்.

"கரண்டு போச்சுன்னா?" என்றார் மாரியப்பன்.

"உங்களுக்கு நல்ல வார்த்தையே வாயில வராதா?" என்றேன்.

பிரதிஷ்டைக்குச் சனிக்கிழமை காலை பத்தரை மணி என்று ஐயர் நேரம் கொடுத்தார். அது மேட்டூர் அணை திறந்து, எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஓடும் வாய்க்காலில் புதுத் தண்ணீர் வந்து பத்து நாள் ஆன சமயம். புதுத் தண்ணீர் எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: அதில் பால் ஊற்றாமலே டீ மாதிரி இருக்கும், பால் ஊற்றின டீ.

ஒன்பதேகாலுக்கு அப்பா வாக்கரைப் பிடித்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகப் புது வீட்டுக்குள் நுழைந்து, எதையும் நிமிர்ந்து பார்க்காமல், நேராகக் குளியலறைக்குள் போனார். கை வைத்த பிளாஸ்டிக் நாற்காலி, புது சோப்பு, ஆணியில் புது வேட்டி சட்டை எல்லாம் தயார்.

"வெளிய போ" என்றார்.

"தாழ்ப்பாள் மட்டும் போடாதீங்கப்பா."

"ஏழு மாசம் கழிச்சு இப்பத்தான் ஒரு மனுஷன் தனியா குளிக்கிறேன். அதுல தாழ்ப்பாள் போடக்கூடாதா?"

தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். எந்த நர்ஸும் இதை அனுமதித்திருக்கக் கூடாது. நான் அனுமதித்தேன். துணியைக் களைந்து, துண்டைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்காரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் குரல் வந்தது.

"பாப்பா, தண்ணி வரலியே."

சுவிட்சைத் தட்டினேன். விளக்கைத் தட்டினேன். கரண்ட் போய்விட்டிருந்தது. பந்தலில் உட்கார்ந்திருந்த மாரியப்பன் என்னைப் பார்க்காமல் பந்தல் துணியின் டிசைனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பத்து மணி ஆயிற்று. பத்தே கால் ஆயிற்று. பந்தல் நிறைந்துவிட்டது. கொல்லை மூலையில் பிரியாணி அண்டா தம்மில் இருந்தது. ஐயர் ஸ்கூட்டரில் வந்து இறங்கி, வெள்ளை அங்கியை மாட்டிக்கொண்டார். அப்பா குளியலறையில் துண்டோடு உட்கார்ந்திருந்தார்.

"அண்ணி, ரெண்டு குடம் கொண்டுவந்து மாமா மேல ஊத்திடலாம். நேரமாவுது" என்றாள் ரோஸி. எவ்வளவு தெளிவான பெண்!

"முடியாது" என்றேன். "யாரும் ஊத்தக் கூடாது. அவரா குளிக்கணும். ஷவர்லதான் குளிக்கணும்."

சாமுவேல் வேட்டியை மடித்துக் கட்டினான். "இன்ஜின் இருக்குல்ல" என்றான்.

வாய்க்கால் கரையில் அவனுடைய டீசல் இன்ஜின் நின்றுகொண்டிருந்தது. மேட்டு நாற்றங்காலுக்குத் தண்ணீர் இறைப்பதற்காக முந்தின நாள்தான் இறக்கியிருந்தான். ஒரு ஏக்கரை அரை நாளில் முக்கிவிடும் இன்ஜின் அது. அதை ஒரு கிழவர் குளிப்பதற்குப் பூட்டலாம் என்று உலகத்தில் வேறு எந்த ஊர்க்காரனுக்காவது தோன்றுமா? எங்களுக்குத் தோன்றியது. அது எனக்கு அப்போது மிக நல்ல யோசனையாகவும் பட்டது.

வெளிச் சுவரில் மோட்டார் பைப்பைக் கழற்றினான். தொடை தண்டி ஓஸை விரல் தண்டி பைப்போடு சேர்க்க வேண்டும். பழைய சைக்கிள் டியூபைக் கிழித்துச் சுற்றி, கயிறு போட்டு இறுக்கினான். பந்தலிலிருந்து மாரியப்பன் ஓடி வந்தார்.

"சாமு, வேணாம்யா. அது வயலுக்கு உள்ளதுய்யா!"

"மாரியப்பன், இன்னைக்கு நீங்க விருந்தாளி. போய் உக்காருங்க" என்றேன்.

சாமுவேல் கரைக்கு ஓடினான். நான் கொல்லைக் கதவடியில் நின்றேன். ஹாலில் பாட்டு முடிந்து, ஐயர் முதல் அறையில் ஜெபத்தைத் தொடங்கியிருந்தார். இன்ஜின் புகை கக்கிக் கிளம்பியது. "அப்பா, குழாய நல்லாத் தொறந்து வைங்க, தண்ணி வரப்போவுது!" என்று கத்தினேன்.

சுவருக்குள் பைப் இருமியது. அப்புறம் ஒரு நிமிடம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம் உள்ளே ஒரு வெடிச் சத்தம், ஏதோ ஒன்று டைல்ஸில் மோதி உருண்டு ஓடும் சத்தம், அதற்கு மேல் தண்ணீர் கொட்டும் சத்தம். கதவுக்கு அடியிலிருந்து செம்மண் நிறத்தில் தண்ணீர் பீறிட்டு வந்து, நடை வழியாக, ஜெபம் நடந்துகொண்டிருந்த அறையைத் தேடிக்கொண்டு போனது.

நிறுத்தச் சொல்ல வேண்டும். கத்தினால் இன்ஜின் சத்தத்தில் கேட்காது. கொடியில் கிடந்த துண்டை உருவி, தலைக்கு மேல் வெறி பிடித்தவளாகச் சுழற்றினேன்.

சாமுவேல் பார்த்தான். தலையாட்டினான். இன்ஜினை இன்னும் கூட்டி வைத்தான்.

இங்கே ஒரு விளக்கம் தேவை. வயலில் இன்ஜின் ஓடும்போது கடைசி வரப்பில் நிற்கிற ஆளுக்கும் இன்ஜின்காரனுக்கும் கையாலும் துண்டாலும்தான் பேச்சு. துண்டைச் சுழற்றினால் 'தண்ணி பத்தல, கூட்டு' என்று அர்த்தம். இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் 'நிறுத்து'. பத்து வயதில் அதே வரப்பில் நின்று நானே எத்தனையோ முறை துண்டு சுழற்றியிருக்கிறேன். மஸ்கட்டில் பதினைந்து வருடம் அதை மொத்தமாகத் துடைத்து எடுத்திருந்தது. அவன் கூட்டக் கூட்ட நான் சுழற்றினேன். நான் சுழற்றச் சுழற்ற அவன் கூட்டினான். அக்காவுக்கு இன்னும் தண்ணி பத்தவில்லையாம் என்று மனசுக்குள் வியந்துகொண்டே கூட்டியதாகப் பிற்பாடு சொன்னான்.

உள்ளேயிருந்து அப்பாவின் சத்தமே இல்லை.

அந்த நிமிடத்தைப் பற்றி மட்டும் எனக்கு இன்றுவரை நகைச்சுவையாக எழுத வரவில்லை. கம்பி வைத்த இடுப்பு, வழுக்குகிற டைல்ஸ், தாழ்ப்பாள் போட்ட கதவு, எல்லாவற்றையும் ஏற்பாடு செய்தவள் நான். துண்டை எறிந்துவிட்டுக் கதவில் மோதினேன். "அப்பா! அப்பா!" என்று நான் போட்ட கூச்சலில் ஜெபம் நின்றது. ஐயர் அங்கியை ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, தண்ணீரில் சளக் சளக்கென்று மிதித்து ஓடி வந்தார்.

"தள்ளுங்கம்மா" என்றவர், தோளைக் கொடுத்து ஒரே இடி. பிளாஸ்டிக் கதவு தாழ்ப்பாளோடு பெயர்ந்து போயிற்று.

உள்ளே தட்டு ஒரு மூலையில் கிடந்தது. அது இருந்த இடத்தில் வெறும் பைப் மட்டும் நீட்டிக்கொண்டிருக்க, அதிலிருந்து வாய்க்கால் தண்ணீர் ஒரே தாரையாகக் கொட்டிக்கொண்டிருந்தது. நேர் கீழே அப்பா. நாற்காலியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு, நிமிர்ந்து, கண்ணை மூடி, தலையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் செம்மண் நிறம். மடியில் ஒரு சின்னக் கெண்டைக் குஞ்சு துள்ளிக்கொண்டிருந்தது.

ஒரு கண்ணை மட்டும் திறந்தார்.

"எவன்டா கதவ ஒடைச்சது?"

பிறகு யார் என்று பார்த்துவிட்டு, "தோத்திரம் ஐயரே" என்றார். எங்கள் சபை வழக்கப்படி வணக்கம் சொல்வதற்கு அந்த நிலையிலும் அவர் தவறவில்லை. ஐயரும், "தோத்திரம், தோத்திரம்" என்று பதில் சொன்னார்.

"அப்பா, உங்களுக்கு ஒண்ணும் ஆகலியே?" என்று நான் கிட்டே போனேன்.

"கிட்ட வராத. நானே குளிச்சுக்குவேன்." சோப்பை எடுத்து நிதானமாகக் கையில் தேய்க்க ஆரம்பித்தார். கொட்டுகிற தண்ணீருக்கு ஊடே ஏதோ முணுமுணுத்தார். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைக்கிறேன். "குழாய்க்கு நேர் கீழ உக்காந்து குளிக்கிறேன் பாப்பா."

நான் அந்தச் சேற்றில் உட்கார்ந்து அழுதேன். நல்ல பட்டுச்சேலை அது.

வெளியே ரோஸி கொல்லைக்குப் போய், இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தாள். இன்ஜின் நின்றது. (அத்தனை நேரம் அவள் எங்கே இருந்தாள் என்று கேட்டேன். பிரியாணி அண்டாவை நகர்த்திக்கொண்டிருந்தாளாம். சொன்னேனே, தெளிவான பெண்.) பிறகு மாரியப்பன் இரண்டு குடம் நல்ல தண்ணீர் கொண்டுவந்து நாற்காலிக்குப் பக்கத்தில் உயரமாக ஒரு முக்காலி போட்டு அதன் மேல் வைத்தார். குனியாமலே மொள்ள வந்தது. அப்பா தானாகவே மொண்டு ஊற்றிச் சேற்றைக் கழுவிக்கொண்டார். ஒரு முக்காலி. அவ்வளவுதான். ஏழு மாதமாக அது எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

பதினொன்றேகால் மணிக்கு அப்பா புது வேட்டி சட்டையோடு, தலையைச் சீவிக்கொண்டு, வாக்கரில் ஹாலுக்கு நடந்து வந்து முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். காது மடலில் மட்டும் கொஞ்சம் சேறு இருந்தது. யாரும் சொல்லவில்லை. இடுப்புக்குக் கீழே காவியாகிப் போன அங்கியோடு ஐயர் சபையைப் பார்த்துச் சொன்னார்.

"இதுக்கு முன்னாடி எத்தனையோ வீடு பிரதிஷ்டை பண்ணியிருக்கேன். பாத்ரூமுக்கு முன்னாடி நின்னு ஜெபம் பண்ணினதில்ல. இந்த வீட்டுல அங்கேருந்துதான் தொடங்கணும்னு தோணுது."

அங்கிருந்துதான் தொடங்கினார். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, மூன்றாவது பெஞ்சின் ஓரத்தில் அப்பா இருந்தார்.

திங்கட்கிழமை நானே தஞ்சாவூருக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் டெலிபோன் ஷவரை எடுத்து மேஜை மேல் வைத்தார். மாரியப்பன் அதை டேங்க் பைப்பிலேயே, அப்பா உட்கார்ந்தால் கைக்கு எட்டுகிற உயரத்தில் மாட்டினார். அதற்குப் பிறகு பதினோரு வருடம் அப்பா இருந்தார். கடைசி வாரம் வரைக்கும் அவராகத்தான் குளித்தார். மஸ்கட்டிலிருந்து நான் போன் செய்யும்போது அவர் குளித்துக்கொண்டிருந்தால், சாமுவேல் கதவுக்கு வெளியே செல்போனைப் பிடிப்பான். அப்பா உள்ளேயிருந்து ஷவரைக் காதில் வைத்துக்கொண்டு, "அலோ, மஸ்கட்டா? தண்ணி நல்லா வருது" என்பார்.

அந்தப் பன்னிரண்டு அங்குலத் தட்டையும் அவர் வீணாக்கவில்லை. சாமுவேலிடம் சொல்லித் தோட்டத்து ஓஸ் முனையில் மாட்டிக்கொண்டார். நாற்காலி போட்டு உட்கார்ந்து கத்திரி நாற்றுக்கு அதில்தான் தண்ணீர் விடுவார். "நாத்து சாயாம தண்ணி விழுது பாரு. நல்ல சாமான்தான் வாங்கியிருக்கா பாப்பா" என்று வந்தவர்களிடமெல்லாம் காட்டுவார்.

அந்த லீவு முடிந்து நான் மஸ்கட்டுக்குக் கிளம்பின அன்று அவரிடம் கேட்டேன். "உங்களுக்கு எந்த ஷவர் வேணும்னு மனசுல இருந்துச்சுப்பா?"

"எனக்கு என்ன தெரியும் ஷவரு கிவரு. கையில புடிச்சு ஊத்திக்க ஒரு ஓஸ் இருந்தா போதும்னு இருந்தேன்."

"சொல்லியிருக்கலாம்ல?"

"நீ கேக்கலியே பாப்பா."

இப்போது எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சென்னையிலும் சிங்கப்பூரிலும் வீடு வாங்குகிறார்கள். மாமியாருக்குக் கட்டில், மாமனாருக்குச் சக்கர நாற்காலி, எனக்குக் காது கேட்கும் மிஷின் என்று யாருக்காவது யாராவது ஆசையாக எதையாவது வாங்கப் புறப்பட்டால், குடும்ப வாட்ஸ்அப்பில் சாமுவேல் ஒரே ஒரு படத்தைத்தான் போடுவான். கத்திரிச் செடிகளுக்கு நடுவே அந்தத் தட்டு. அடுத்த நிமிடமே எனக்கு போன் வரும்: "அத்தை, நீங்க நெசமா என்ன மாதிரி மிஷின் கேட்டீங்க?"